பச்சை பெல்ட்டின் துளைகள்

சன்னல் வழியே வரும் முற்பகல் வெயில் ராபியாவின் மடியில் கிடக்கும் பச்சை பெல்ட்டின் மேல் விழுகிறது. ஜும்மாவுக்கு நேரமாகிறது. மூன்று வருஷம் கழித்து நேற்றுத்தான் பினாங்கிலிருந்து காரைக்குடிக்கு வந்து சேர்ந்த அவள் கணவர் சேக் பரீது, நழுவும் கைலியை ஒரு கையால் பிடித்தபடி நிற்கிறார். "இன்னும் ஒரு ஓட்டை போட்டுக் குடு புள்ள, இடுப்புல நிக்க மாட்டேங்குது." அவள் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு, குத்த இடம் தேடி பெல்ட்டைத் தடவுகிறாள். கடையில் போட்ட துளைகள் பித்தளை வளையத்தோடு வரிசையாக இருக்கின்றன. அவற்றைத் தாண்டி, ஆணியால் குத்திய மூன்று துளைகள், கோணல்மாணலாக, ஓரம் பிய்ந்து. அவள் விரல் முதல் துளையில் நிற்கிறது. "இது எப்பக் குத்துனீக?" "போன நோன்புக்கு முந்தி. லேசாக் காய்ச்சல்." "இது?" "ஆஸ்பத்திரியில இருக்கையில."

மூன்றாவதை அவள் கேட்கவில்லை. அலமாரியில் அடுக்கியிருக்கும் அவருடைய கடிதங்கள் எல்லாவற்றிலும் 'நான் இங்கு நலம்' என்றுதான் இருக்கிறது. தெருக்கோடிப் பள்ளிவாசலில் பாங்கு எழுகிறது. ஊசியைப் பாயில் போட்டுவிட்டு எழுகிறாள். கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து, நீளவாக்கில் நான்காக மடித்து, அவர் இடுப்பைச் சுற்றி வைக்கிறாள். அதன் மேல் பெல்ட்டை இழுத்து, பித்தளை வளையம் போட்ட பழைய துளையில் மாட்டுகிறாள். கச்சிதமாக நிற்கிறது. "இனி ஓட்டை கெடையாது," என்கிறாள், கையை எடுக்காமல். "நீங்க சாப்புடச் சாப்புட, இந்தத் துண்டைத்தான் ஒவ்வொரு மடிப்பாப் பிரிப்பேன்."