சாட்சிக்கு உரம்

“சாட்சி வாடுதுய்யா! ஏதாவது வழி சொல்லு!”

ஜாமீன் கையெழுத்துப் போட வந்த அருஞ்சுனையை, சப்-இன்ஸ்பெக்டர் இன்பராஜ் ஸ்டேஷன் வராந்தாவுக்கு இழுத்துப் போனார். அங்கே நான்கு மண்தொட்டிகளில் நான்கு செடிகள் அரசு மரியாதையோடு நின்றன. கஞ்சா என்று அருஞ்சுனையின் தோட்டத்திலிருந்து வேரோடு பிடுங்கி வந்தவை. பச்சையாகவே கோர்ட்டில் நிறுத்தினால் பதக்கம் நிச்சயம் என்பது, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த இன்பராஜின் கணக்கு.

அருஞ்சுனை மண்ணைக் கிள்ளி முகர்ந்தான்.

“என்னத்தய்யா வச்சீக?”

“யூரியா. ரெண்டு கை.”

“ரெண்டு கையா! பச்சப்பிள்ளைக்குக் கறிச்சோறு ஊட்டுன கணக்கா இருக்கு. வேரு வெந்திருச்சு. இதுல மண்ணும் வெறுங் கரிசல், தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடாது. நரிக்குடிக் கண்மாய் வண்டல் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்குன ஆட்டுப்புழுக்கை ஒரு பங்கு. மேல கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு.”

இன்பராஜ் கேஸ் டைரியிலேயே எழுதிக்கொண்டார். ஏட்டு தனுஷ்கோடி மெல்ல இருமினார்.

“ஐயா, அந்தச் செடி வந்து...”

“வாயத் திறந்தே, பல்லு இருக்காது! போய் புழுக்கை பொறுக்கிட்டு வாய்யா.”

ஏட்டு கன்னத்தைத் தடவிக்கொண்டே ஆட்டுக்கிடை தேடிப் போனார். அந்த ஸ்டேஷனில் இன்பராஜிடம் அறை வாங்காத கன்னம் இல்லை. அருஞ்சுனை முதல் நாளே வாங்கிவிட்டான்.

தெருவில், ஜாமீன் கொடுத்த, வீரசோழன் ஊர் ஜவுளிக்கடைச் சின்ன மீரான் பொரிந்து தள்ளினார்.

“ஏலே, கிறுக்கா ஒனக்கு? செடி செத்தா கேசும் செத்துச்சு. நீ வைத்தியம் சொல்லிட்டு வாரே! ஆறு மாசம் உள்ள கிடக்க அம்புட்டு ஆசையா?”

“செடி செத்தா நான் செத்தேன் மாமு.”

தோட்டக்காரனுக்கு இவ்வளவு மண்டைக்கனம் ஆகாது என்று மீரான் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் செடிகள் இன்பராஜின் பெல்ட்டை எட்டின.

“இலையப் பாத்தியா! இன்னும் புழுக்கை போடவா?”

“போதும்யா. அது இலைக்கு. பூவுக்குச் சாம்பல்தான். தொட்டிக்கு ஒரு கை, கூடுனா கெட்டுரும்.”

பூவில்தான் போதை என்று எங்கோ படித்திருந்த இன்பராஜ், தன் வீட்டு அடுப்பைத் தானே சுரண்டிச் சாம்பல் கொண்டுவந்தார்.

வாய்தா நாள் காலையில் முதல் மொட்டு விரிந்தது. இன்பராஜ் செடிகளைத் துணியால் போர்த்தி, ஜீப்பில் ஒன்றை மடியிலும் மற்றவற்றைக் காலடியிலும் வைத்துக் கொண்டுபோய், மாஜிஸ்திரேட் முன்னால் பெருமையோடு துணியை விலக்கினார்.

இளமஞ்சள் பூ. நடுவில் கருஞ்சிவப்பு.

மாஜிஸ்திரேட் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது.

“புளிச்சக்கீரை! ஏன்யா, உங்க ஸ்டேஷன்ல ஒருத்தருக்குக்கூடவா இது தெரியல?”

ஏட்டு தனுஷ்கோடி இரண்டு கன்னத்தையும் கையால் மூடிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எல்லாருக்கும் தெரியும் எஜமான். முதல் நாள் அருஞ்சுனை சொன்னான், மறுநாள் நான் சொன்னேன்... அதுக்கப்புறம் எல்லாரும் புழுக்கை மட்டுந்தான் பொறுக்குனோம்.”