மண் இளகட்டும்

ஒரு கல்லறைக் கல்லைப் படம் பிடிக்க ஒரு மனுஷனுக்கு ஐந்து மாதமா?

ரோசெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினித் திரையில் டெல்பர்ட் குரோகரின் பதில் ஒரே வரி: ‘கொஞ்சம் பொறுங்கள். மண் இளகட்டும்.’

கேமராவை மண்ணுக்குள்ளேயா புதைக்கப் போகிறார் என்று முணுமுணுத்தாள்.

“என்னம்மா, இன்னும் வரலையா?” என்று ஜன்னலோரத்திலிருந்து கேட்டார் அவள் அப்பா எமில்.

“வந்துடும்பா.”

எமிலுக்குத் தொண்ணூறு வயது. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கோடை வரைக்கும் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருடைய நாலாவது வயதில் அம்மா அல்பினா இறந்துபோனாள். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். புதைக்கிற இடத்துக்குக்கூடப் பிள்ளையை அழைத்துப் போகாமல், நேராக அநாதை இல்லத்தில் விட்டுவிட்டார்கள். அங்கிருந்து தத்துப் போய், ஆரிகனுக்கு வந்து, பிழைத்து, குடும்பம் குட்டி என்று ஆனபிறகும் அவருக்கு ஒரு உறுத்தல் மட்டும் போகவேயில்லை.

“காசில்லாதவங்க. ஏதோ ஒரு குழியில போட்டு மூடியிருப்பாங்க” என்பார்.

அதனால்தான் ரோசெல் தேட ஆரம்பித்தாள். இரண்டு வருஷம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் ‘எமில் வொண்ட்ரா, வயது ஆறு, இல்லவாசி’ என்று ஒரு வரி கிடைத்தது. இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் ஊர்ப் பெயர் கிடைத்தது. கடைசியில் மாநில அலுவலகத்திலிருந்து இறப்புச் சான்றிதழே வந்தது. அல்பினா வொண்ட்ரா, இருபத்தாறு வயது, காசநோய். கீழே இடுகாட்டின் பெயர்.

தூரத்தில் இருப்பவர்களுக்காக உள்ளூர்க்காரர்கள் கல்லறைகளைப் படம் எடுத்து அனுப்புகிற இணையதளம் ஒன்று இருந்தது. எல்லாரும் தன்னார்வலர்கள். அப்பாவின் கதையை ஒன்றுவிடாமல் எழுதி அக்டோபரில் விண்ணப்பம் போட்டாள். அன்றைக்கே டெல்பர்ட் ஏற்றுக்கொண்டார். ஒரே வாரத்தில், ‘இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எழுதினார்.

அதோடு சரி. டிசம்பரில் பனி என்றார். பிப்ரவரியில் தரை இறுகிக் கிடக்கிறது என்றார். இப்போது மார்ச்.

ரோசெல் உட்கார்ந்து இணையதளத்துக்கே ஒரு புகார் எழுதினாள். முடியாதென்றால் முடியாது என்று சொல்ல வேண்டும், வயதானவர்களைக் காக்கவைத்து விளையாடக்கூடாது, இந்த ஆளிடம் இனி யாருடைய விண்ணப்பத்தையும் கொடுக்காதீர்கள் என்று காட்டமாகவே எழுதினாள். அனுப்பியபிறகுதான் மூச்சு சீரானது.

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் படம் வந்தது.

சாம்பல் நிறக் கல். அல்பினா வொண்ட்ரா, 1912–1938. அவ்வளவுதான். பரவாயில்லை, கழுவிச் சுத்தமாகவாவது எடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டினாள். எமில் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“கல்லு வச்சிருக்காங்க” என்றார். “சும்மா போட்டு மூடலைம்மா. கல்லு வச்சிருக்காங்க.”

மே மாதம் அவரை அழைத்துக்கொண்டு நெப்ராஸ்காவுக்கு விமானம் ஏறினாள்.

இடுகாட்டின் கடைசி மூலை அது. எமில் கல்லுக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பொறித்திருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அம்மாவின் தாய்மொழியான செக் மொழியில் ஏதோ சொன்னார். அவருக்கு அந்த மொழி தெரியும் என்பதே ரோசெல்லுக்கு அன்றுவரை தெரியாது.

தள்ளி நின்ற ரோசெல் சுற்றிலும் பார்த்தாள். அந்த வரிசை முழுக்க வெறும் புல்தரை. வேறு ஒரு கல்கூட இல்லை. அல்பினாவின் கல்லடியில் சிமென்ட் இன்னும் வெளுப்பாக, புதுசாக இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

நாலைந்து இடம் தள்ளி ஒரு பெரியவர் முழங்காலிட்டு மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தள்ளுவண்டியில் பெயர் வெட்டிய கல் ஒன்று கிடந்தது. அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“நீங்க... மிஸ்டர் குரோகரா?”

“டெல்பர்ட்னே சொல்லுங்கம்மா.”

அவள் கல்லைக் காட்டினாள். அவரே மெதுவாகச் சொன்னார். ஊர்ச் செலவில் புதைத்தவர்களின் வரிசை அது. இடுகாட்டுப் பதிவேட்டில் பெயரும் இடத்தின் எண்ணும் மட்டும்தான் உண்டு, கல் யாருக்கும் வைக்கவில்லை. அவர் கல் வெட்டிப் பிழைத்தவர், மிச்சத் துண்டுகள் வீட்டில் கிடந்தன. குளிர்காலத்தில் கல்லை வெட்டி முடித்துவிட்டார். உறைந்த தரையில் அஸ்திவாரம் போட முடியாது, மண் இளகத்தான் காத்திருந்தது.

“உங்களைப் பத்திப் புகார் எழுதினது நான்தான்” என்றாள் ரோசெல்.

“தெரியும்மா. நியாயமான புகார்தானே. லேட்டாத்தான் ஆச்சு.”

அவளுக்குக் கண் கலங்கியது. “இங்க கல்லே இல்லைன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் பாட்டுக்குப் பேசாம இருந்திருப்பேனே. ஏன் எழுதலை?”

டெல்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எமிலைப் பார்த்தார்.

“எழுதியிருந்தா, அதை நீங்க போய் அவர்கிட்ட சொல்லணுமேம்மா.”