பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கார்டு

"உங்க வூட்டு கம்ப்யூட்டர மொதல்ல காயலான் கடைல போடுங்க மாமா" என்றான் ஸ்ரீதர், கையிலிருந்த போனைப் பார்த்து.

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து, வாலாஜாபாத் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான். எதிர்முனையில், மணிமங்கலத்தில், இவனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா தாண்டவராயன் கண்ணைச் சுருக்கியபடி திரையில் தெரிந்தார்.

மூன்று நாளாக, பஸ் ஏறியதும் இதே கூத்து. அவர்கள் வீட்டுப் படம் இவனுக்கு வருகிறது. இவன் குரல் அங்கே போகிறது, முகம் மட்டும் போகவில்லை. முகத்தைப் பார்க்காமல் பெண் சரி சொல்ல மாட்டாளாம்.

நேரில் போய்ப் பார்க்க ஒரு நாள் லீவை வீணாக்க ஸ்ரீதருக்கு மனமில்லை. வீடியோவில் பிடித்தால் வருவதாகச் சொல்லியிருந்தான். முப்பத்திரண்டு வயதில் இது ஏழாவது ஜாதகம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதல் நாள், அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வைஃபை குச்சி வாங்கிச் செருகச் சொன்னான். மறுநாள், அது உதவாது, நெட் வயரைச் செருக லேன் கார்டு போடுங்கள் என்றான். ஸ்ரீபெரும்புதூரில் நாலு கடை ஏறி இறங்கி, அந்த அரதப் பழசுக்குப் பொருந்தும் கார்டை எப்படியோ தேடி மாட்டியிருந்தார் தாண்டவராயன்.

"இன்னிக்கும் கருப்பாத்தான் கீது தம்பி. ஓரத்துல லேசா செவப்பு தெரியுது."

ஸ்ரீதரின் போன் மூலையில், அவன் படம் வரவேண்டிய சின்னக் கட்டமும் அப்படித்தான் இருந்தது. உங்கள் நெட் சரியானால் இதுவும் சரியாகிவிடும் என்று விளக்கினான். அவன் போன் புத்தம் புதுசு. காலையில் கேட்டில் செக்யூரிட்டி அதை முன்னும் பின்னும் திருப்பியதற்கே, கீறல் விழும் என்று அதட்டியிருந்தான்.

"உங்க பொண்ணாண்ட போன் இல்லியா?"

பட்டன் போன்தானாம். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் கேமரா போனை உள்ளேயே விடமாட்டார்களாம். ஸ்ரீதர் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்ச பொண்ணு கீற வூட்ல, ஒரு கார்ட ஒழுங்கா மாட்டத் தெரியல. கட்டிக்கினு வந்தப்புறம் எல்லாத்தையும் நான்தான் சொல்லித் தரணும்போல."

தாண்டவராயன் தலை குனிந்துகொண்டார். வேறு என்ன வாங்கட்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

அவருக்குப் பின்னாலிருந்து மகள் சுகப்பிரியா திரைக்கு முன்னால் வந்தாள். மூன்று நாளில் முதல் முறையாகப் பேசினாள்.

"காலைல கேட்ல உங்க போன் கேமரா மேல ஒட்டுன ஸ்டிக்கர, நீங்க இன்னும் பிரிக்கலீங்க."

கம்பெனிக்குள் படம் எடுக்காமலிருக்க செக்யூரிட்டி தினமும் ஒட்டும் அதை, வீட்டுக்குப் போன பிறகே பிரிப்பது ஸ்ரீதரின் வழக்கம். பக்கத்து சீட்டுக்காரன் சிரித்தான். ஸ்ரீதர் அவசரமாகப் போனின் தலைப்பகுதியைத் தடவி, சிவப்பு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினான்.

"பிரிக்க வேணாங்க. பாத்துட்டேன்."