உயிரோடிருந்தால்

"செத்தவங்களுக்கு நோயில்பூசுதல் கிடையாதும்மா, உயிருள்ளவங்களுக்குத்தான்!" என்று பங்குச்சாமியார் கத்த, "பாதத்தைத் தொட்டுப் பாருங்க சாமி, சூடு இருக்கு!" என்று ரெஜினாள் அதைவிட உரக்கக் கத்தினாள்.

இருக்காதா பின்னே? புருஷன் காலடியில் அவள் வெந்நீர்ப் பையை வைத்து எடுத்ததை ஜன்னல் வழியாகத் தெருவே பார்த்தது. கல்யாணத்துக்குப் பிறகு சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனமே பண்ணாத மனுஷன். சாகும்முன் பாவம் போகப் பூசும் அந்த எண்ணெயும் படாவிட்டால் நரகம்தான் என்று அவளுக்குப் பயம்.

சாமியார் தொட்டுப் பார்த்தார். குழம்பிப்போய் எண்ணெய்ச் சிமிழைத் திறந்து, "நீ உயிரோடிருந்தால்..." என்று ஜெபத்தைத் தொடங்கினார். சந்தேகம் வந்தால் அப்படிச் சொல்வதுதான் திருச்சபை வழக்கமாம். உயிர் இல்லையென்றால் அந்தப் பூசுதல் செல்லாதாம்.

ரெஜினாளின் முகம் தொங்கிப்போனது. சாமியாருக்குத்தான் சந்தேகம், புருஷன் காலையிலேயே போய்விட்டது அவளுக்குத் தெரியுமே.

அடக்கம் முடிந்ததும் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அங்கே தினமும் பூசைக்குப் போகிறாளாம். பூசையில் தரும் நன்மை அப்பத்தை மட்டும் வாங்குவதில்லையாம். அதை வாங்க வேண்டுமென்றால் முதலில் வெந்நீர்ப் பையைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டுமே.