மறுக்கப்பட்ட பெருவிரல்

செம்மொழி எதையும் பத்துமுறை சோதிக்காமல் வெளியே விடமாட்டாள். தஞ்சாவூர் மென்பொருள் அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து, விரல்ரேகைக் கருவியின் கண்ணாடியைத் துடைத்து, தன் பெருவிரலைப் பத்துமுறை வைத்துப் பார்த்த பிறகே காபி குடிப்பாள்.

பத்துமுறையும் கருவி அவளை ஏற்றுக்கொள்ளும்.

பூதலூர்ப் பக்கத்துத் தனியார் அரிசி ஆலை ஒன்று அக்கருவிகளை வாங்கியிருந்தது. நெல் கொண்டுவருபவரின் ரேகை பொருந்தினால், சி என்ற கணினிமொழியில் அவள் எழுதிய நிரல், ஒரு மறையாக்க நூலகத்தின், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பின், துணையோடு ரசீதுக்கு முத்திரையிடும். பொருந்தாவிட்டால் வேறு விரல் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை. குறுவை அறுவடையின் முதல் வாரமே கருவி செயலற்று நின்றது. கடைசியாக விரல் வைத்த நல்லக்கண்ணுவை, கருவியைக் கெடுத்தவர் என்று வரிசையில் நின்றவர்களே ஏசினார்கள். ரசீது கிடைக்காமல், மூன்று நாள் மழையில் அவர் நெல் மூட்டையிலேயே முளைத்துவிட்டது.

செம்மொழியின் மேலாளர் ஹாஜா மைதீன் அவளிடம் அறிக்கை கேட்டார். ஆலை அதை ஏற்றுக்கொண்டால் அவள் நிறுவனத்தின் சிங்கப்பூர் வேலைக்குப் போகலாம், விசாவும் வந்துவிட்டது.

“நாத்துப் பறிச்சுப் பறிச்சு அந்தாளுக்கு ரேகையே தேஞ்சு போச்சு. அதுக்கு நாம என்னம்மா பண்றது? கையிலதான் கோளாறுன்னு எழுதிடுங்க” என்றார்.

செம்மொழி நிரலைத் திறந்தாள்.

அந்நூலகத்துக்கு ஒரு விதி உண்டு. முத்திரைக்கான ரகசியச் சாவியை வைக்கும் கட்டமைப்பை முதலில் வெறுமையாக்கித் தொடங்க வேண்டும். முடிவில் அது பிடித்த நினைவக இடத்தை விடுவிக்க வேண்டும். தொடங்காததை விடுவித்தால், நினைவகத்தில் முன்பே கிடந்த குப்பையை முகவரி என்று நம்பிக் கருவி நின்றுவிடும்.

தொடக்க வரி ரேகைச் சோதனைக்குக் கீழே இருந்தது. பொருந்தாத விரல் அவ்வரியைத் தொடாமலே விடுவிக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்.

அலுவலகத்தில் ஒரு விரலும் மறுக்கப்பட்டதில்லை. ஆகவே அவ்வழியில் ஒருவரும் போனதில்லை.

வீட்டில் அம்மா ரெங்கம்மாள் இருந்தாள். நாற்பது ஆண்டுகள் நடவு நட்ட விரல். செம்மொழி அதை ஒருநாளும் கருவியில் வைக்கச் சொன்னதில்லை.

அவ்வரியைக் கீழே இறக்கியவர் யார் என்று நிரலின் மாற்றப் பதிவில் தேடினாள். செம்மொழி என்றிருந்தது. காரணமும் அவளே எழுதியிருந்தாள்: ‘ரேகை பொருந்தாதவர்களுக்காக நேரத்தை வீணாக்க வேண்டாம்.’



எழுந்து ஹாஜா மைதீனிடம் போய், “நல்லக்கண்ணு கையில ஒரு கோளாறும் இல்ல சார். தப்பு என்னோடதுன்னு எழுதப்போறேன். சிங்கப்பூருக்கு வேற ஆளப் பாருங்க” என்றாள்.