அட்டையில் ஒரு முகம்

சேவூரில் பரிமளாவின் தறி நின்றிருக்கிறது. கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயில், நெய்து முடித்த அரக்குச் சேலையின் ஜரிகையில் பட்டு, எதிரே நிற்கும் சுபத்ராவின் கண்ணைக் கூசவைக்கிறது. நெசவாளர் நலனுக்கென்று கம்பெனி நடத்துகிறவள் சுபத்ரா. அவள் விற்கும் ஒவ்வொரு சேலையிலும் தொங்கும் அட்டையில் பரிமளா சிரிக்கிறாள்; அந்த அட்டைகளில் ஒன்றைக் கையில் பிடித்தபடி தறியில் உட்கார்ந்திருப்பவள் சிரிக்கவில்லை. “நான் நெய்யாத பொடவைல என் மூஞ்சி எதுக்கு?” “பவர்லூம் பொடவையும் வித்தாதாங்க கம்பெனி நிக்கும். அந்த லாபத்துலதான உங்களுக்குக் கூலிய ஏத்தித் தர்றோம்?” “கூலி என் கைக்குக் குடுத்த. மூஞ்சிக்கு இல்ல.” சேலையை அறுக்க வைத்திருந்த கத்தரி அட்டைக்குள் நுழைகிறது. முகம் மட்டும் வட்டமாகக் கழன்று மடியில் விழுகிறது. ஓட்டை அட்டையை நீட்டுகிறாள் பரிமளா. “இந்தா, இதுல உன் மூஞ்சிய வெச்சி வித்துக்க.”