விளக்கடி விமர்சகர்

இசை மண்டபத்தில் மேடை விளக்குக்கு அடியில் உள்ள இடம், சங்கீதம் தெரிந்த பல்லிக்கு என்று ஒதுக்கப்பட்டது. அங்கே இரை தானாகத் தேடி வரும். இந்த ஆண்டு அந்த இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று பல்லியாருக்குக் கவலை. சீன இசைக்குழுவையும் மேற்கத்திய காற்றுவாத்தியக் குழுவையும் கேட்டு, ஒப்பிட்டுச் சொன்னால்தான் இடம் என்று விட்டில் பூச்சிகளின் சபை கறாராகச் சொல்லிவிட்டது.

சீனக் கச்சேரிக்கு அவர் வழக்கம்போல் பாதி முடிந்த பிறகுதான் போனார். மற்றதற்கு, பயத்தில், கதவு திறந்ததுமே போய்விட்டார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“சீனக் குழுவுல எர்ஹுன்னு ஒண்ணு. ரெண்டே தந்தி, நல்லா அழுதுச்சு. ஆனா கண்ணைத் துடைக்கிறதுக்குள்ள ஜால்ரா வந்து அதட்டுது. அந்த ஊதுற குழுவைப் பாருங்க, முதல் உருப்படியே உச்சம்! ஓபோங்கிற குழல் ஒரே ஒரு சுரத்தை நீட்டுச்சு. கிளாரினெட், டியூபா எல்லாம் தன் பெருமையை விட்டுட்டு அதுலயே வந்து சேர்ந்துச்சு. என்ன அடக்கம்!”

ஓபோப் பெட்டிக்குள் குடியிருந்த சுண்டெலி சிரித்துவிட்டது. “அண்ணே, அது உருப்படி இல்ல. சுருதி சேர்த்தாங்க.”

பல்லியாருக்கு வால் துடித்தது. நல்லவேளை, கழன்று விழவில்லை.

“அதைத்தானே தம்பி நானும் சொல்றேன். அதோட நிறுத்தியிருக்கணும். அப்புறம் கச்சேரி பண்ணிக் கெடுத்துட்டாங்க.”

“ஆஹா, என்ன ஞானம்!” என்று விட்டில்கள் சிறகடித்தன. இடத்தை ஏகமனதாக அவருக்கே கொடுத்துவிட்டு, வாழ்த்துச் சொல்ல வரிசையாக விளக்கடிக்கு வந்தன.